ஞாயிறு பள்ளிக்கரணை: கொக்கும் நாரையும் மீன் பிடிக்கும் நேரம்

நண்பர்களே, பறவைகளைப் படமெடுக்க ஞாயிறு காலை 6 மணிக்குச் சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் கூடுகிறோம். வெயில் முதுகில் விழும்படி நில்லுங்கள். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறைய வேண்டாம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். வெள்ளைக் கொக்கு என்றால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதி வரை, குறையுங்கள், இல்லாவிட்டால் இறகெல்லாம் வெளுத்துப்போகும்.

சாம்பல் நாரை அசையாமல் நிற்கும். கழுத்தைப் பின்னுக்கு இழுத்து மடக்கியதும் ஷட்டர் பொத்தானை விரலை எடுக்காமல் அழுத்துங்கள். கொத்தியதோடு நிறுத்திவிடாதீர்கள். மீனின் தலை முதலில் உள்ளே போகும்படி திருப்பித்தான் விழுங்கும். எனக்கு ரொம்பப் பிடித்த படம் அதுதான். சின்னக் கொக்கு வேறு மாதிரி: மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும்.

அப்புறம், மீனை வீசி வரவழைப்பது, பறக்கும் படத்துக்காக விரட்டுவது, இரண்டும் நம் குழுவில் கிடையாது. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.