தேதி போடாத தொகை

முக்கூடல்
ஐப்பசி 12

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மூன்று நாளாக மழை விடவில்லை. நனைத்த பீடி இலை ஈரம் வாங்கியபடியே கிடக்கிறது, ஆயிரம் சுற்ற வேண்டிய இடத்தில் அறுநூறு தேறினால் பெரிசு. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. ஆச்சிக்கு முழங்கால் வலிதான், வேறொன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னதற்கு "சரி, சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. வட்டிக் கணக்குப் பரீட்சையில் நாற்பதுக்குப் பதினொன்று வாங்கினாய், அதனால் ஆக்சுவரி பரீட்சைக்கு (இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்குப் போடுகிற வேலைக்கானது) பணம் கட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிறாய். திரும்பப் போன் போட்டால் "சரிம்மா, சரிம்மா" என்றே முடித்துவிடுவாய். அதனால் மகளிர் குழு நோட்டின் நடுத்தாளைப் பிரித்து எழுதுகிறேன்.

சித்திரை லீவில் வந்திருந்தபோது திண்ணையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? ஒரு ரூபாயை நூற்றுக்கு நூறு வட்டிக்கு விட்டால் வருஷக் கடைசியில் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கொரு தரம் வட்டியை முதலில் சேர்த்தால் 2.25. மாதாமாதம் சேர்த்தால் 2.61. தினமும் சேர்த்தால் 2.71. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2.72ஐத் தொடாது, இதை 1683இல் பெர்னோலி என்று ஒருவர் யோசித்தார் என்றாய். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே, "வட்டிக்கு எல்லை உண்டுங்கானா? அந்த ஆளை நம்ம ஊருக்கு ஒருநாள் கூட்டிட்டு வா" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்படிச் சிரித்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு வரவில்லை என்றால் நான் எப்படி நம்புவது?

நீ அனுப்பின விடைத்தாள் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. திண்ணையில் எந்தக் கணக்கானாலும் முதலில் நீளமாக ஒரு கோடு கிழித்து, மாதம் 1, மாதம் 2 என்று புள்ளி வைத்து, பணம் வருவதை மேலேயும் போவதைக் கீழேயும் குறித்தாய். விடைத்தாளில் ஒரு கோடுகூட இல்லை. எடுத்த எடுப்பில் சூத்திரத்தில் ஏறியிருக்கிறாய்.

குழு நோட்டை நான் 14 வருஷமாக எழுதுகிறேன். இடது ஓரத்தில் தேதி, அதற்கப்புறம்தான் தொகை. யாராவது வந்து "அக்கா, ஐந்நூறு கட்டிட்டேன்" என்றால் "என்னைக்கு?" என்று கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை. மேலத்தெரு மைனி இதற்காகவே என்னைப் போலீஸ் என்பாள்.

அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன். அப்பாவின் எக்ஸ்எல் வண்டிக்கு 36,000 கடன், 12 வட்டி, 24 மாதம். வருஷத்துக்கு 4,320, இரண்டு வருஷத்துக்கு 8,640; முதலோடு கூட்டி 24ஆல் வகுத்தால் 1,860. நானே போட்டுப் பார்த்து, பைசா சுத்தமாக வருகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றேன். லீவில் நீ அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, மாதம் 1,500 முதலுக்கும் 360 வட்டிக்கும் போகிறது, கடைசி மாதத்தில் நம்மிடம் நிற்கிற அவர்கள் பணம் எவ்வளவு என்று கேட்டாய். 1,500 என்றேன். "அதுக்கும் 360 தானேம்மா கட்டினே?" என்றாய். 1,500க்கு ஒரு மாதத்தில் 360! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கோடு போட்டுப் பார்த்தால் 12 என்று சொன்ன வட்டி 21½ ஆகிறது என்றாய். மாதாமாதம் முதலைத் திருப்பிக்கொண்டே வந்தும், முழு 36,000மும் கடைசிவரை கையில் இருந்த மாதிரி வட்டி போட்டிருக்கிறார்கள். தொகையை நான் சரிபார்த்தேன், தேதியைப் பார்க்கவில்லை.

தண்டலும் அதே கதைதான். 10,000 என்று பேர், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவான், தினம் நூறாக நூறு நாள். "ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று காய்கறிக்கடை மைனி சொல்வாள். முதல் நூறு மறுநாளே கையை விட்டுப் போய்விடுகிறது என்பது அவள் கணக்கில் இல்லை. வருஷத்துக்கு 120க்கு மேலே போகும் என்று நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. நம் பக்கத்தில் வட்டியை மாதத்தில்தான் பேசுவார்கள், இரண்டு வட்டி, ஐந்து வட்டி, பத்து வட்டி என்று. வருஷத்தில் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை.

2017 அக்டோபரில் மனுநாளன்று நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டி தாங்காமல் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் தீக்குளித்ததே. நீ பார்க்கக்கூடாது என்று டிவியை அணைத்தேன். கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் 2003லேயே வந்தாயிற்று. இதற்கு மேல் இதை எழுத எனக்கு வரவில்லை.

வட்டி நமக்கு வேலை செய்த இடமும் உண்டு. நான் இலை வாங்கப் போக ஆரம்பித்த காலத்தில் பி.எஃப். வட்டி 12. எழுபத்திரண்டை வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகிற வருஷம் என்று சொல்லிக்கொடுத்தாயே, அதன்படி 6 வருஷம். இப்போது 8.25, கிட்டத்தட்ட 9 வருஷம். பாஸ்புக்கைப் பார்த்து இதை நானே போட்டேன், சரிதானே?

சரி, இப்போது என் காரியம். மச்சு ஒழுகுகிறது, 70,000 வேண்டும். சீட்டு எடுக்கலாமா என்று பார்க்கிறேன் (பதிவு செய்த கம்பெனிதான், பயப்படாதே). 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. முதல் மாதம் கம்பெனியே எடுத்துக்கொள்கிற சீட்டு, முழுசாக 5,000 கட்டினேன். அடுத்து கசர் (ஏலத்தில் தள்ளினதில் ஆளுக்கு வருகிற பங்கு) போக 3,500, 3,600, 3,750. இது ஐந்தாவது மாதம். ஏலத்தில் ஒரு லட்சத்தில் 25,000 தள்ளிக் கேட்டால் கையில் 75,000 வரும். தள்ளினதில் கமிஷன் 5,000 போக மீதி 20,000 ஆளுக்கு ஆயிரம் கசர், எனக்கும் உண்டு. ஆக இந்த மாதம் 4,000 கட்டினால் போதும். அப்புறம் இன்னும் 15 மாதம். போகப்போகத் தள்ளு குறையும், கசரும் குறையும். போன சீட்டில் மாதாமாதம் விழுந்த கசரை இந்தத் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதியிருக்கிறேன், அதை வைத்து யூகித்துக்கொள்.

அப்பா சங்கிலியை பேங்கில் வைத்துவிடலாம் என்கிறார், வருஷத்துக்கு ஒன்பதரை வட்டி. எது லாபம் என்று எனக்குத் தெரியவில்லை. 25,000 என்று கேட்டாலே நெஞ்சு பதறுகிறது, ஆனால் போன மூன்று மாதமும் எனக்கும் கசர் வந்திருக்கிறதே.

ஆக்சுவரி பரீட்சைக்குப் பணம் கட்டுவது உன் இஷ்டம். இதை மட்டும் கோடு போட்டுச் செய்து சனிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லு. ஏலம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.

அன்புடன்
அம்மா