கடிதத்துக்கு முன் ஒரு போன்

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களின் கல்விநிலையை முடிவு செய்யும் குழுக்களில் இருக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

டிசம்பர் கடைசியில் உங்கள் அலுவலகங்களிலிருந்து போகும் கடிதங்களைப் பற்றி எழுதுகிறேன். 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 2.0-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு, 'தேறிக் காட்டினால்தான் தொடரலாம்' என்று எச்சரிக்கும் 'ப்ரொபேஷன்' கடிதம் போகிறது. ஏற்கெனவே அதில் இருந்தும் தேறாதவர்களுக்கு நீக்கக் கடிதம். பல வருடங்களுக்கு முன் இந்த இரண்டும் எனக்கு வந்தன. இரண்டாவது வந்தபோது குளிர்கால விடுமுறை. மேல்முறையீட்டுக்குச் சில நாள்தான் கெடு. அலுவலகத்துக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை.

நம் ஊர் அரசு வேலையில் ப்ரொபேஷனுக்குத் 'தகுதிகாண் பருவம்' என்று பெயர். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். தகுதியைக் காண வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் அல்லவா? கல்லூரி ப்ரொபேஷனில் பெரும்பாலும் பார்ப்பது கணினிதான். எண் ஒரு கோட்டுக்குக் கீழே போகிறது, கடிதம் கிளம்புகிறது.

அந்த எண்ணைக் கொஞ்சம் பார்ப்போம். இப்போது நான் ஒரு சமுதாயக் கல்லூரியில் கணிதம் சொல்லித்தருகிறேன், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மாணவி முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் (பாடங்களின் பாரத்தை அளக்கும் அலகு) எடுத்து 1.2 வாங்குகிறாள். அடுத்த ஒரே செமஸ்டரில் மொத்த சராசரி 2.0-ஐத் தொட வேண்டுமென்றால், இன்னொரு 15 கிரெடிட்டில் அவள் 2.8 வாங்கியாக வேண்டும். "பாரத்தைக் குறைத்துக்கொள், 12 போதும்" என்று ஆலோசகர் நல்ல மனதோடு சொல்வார். 12 எடுத்தால் தேவைப்படுவது 3.0! நாம் சொல்லும் அறிவுரையும் நாம் போட்ட நிபந்தனையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதே மாணவிக்கு இரண்டு செமஸ்டர் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் 15 கிரெடிட் எடுத்தால், 2.4 போதும். தடுமாறி எழுந்த ஒரு பிள்ளை எட்டக்கூடிய எண் அது. அந்தந்த செமஸ்டரில் 2.0 எடுத்தால் தொடரலாம் என்று சில கல்லூரிகள் வைத்திருக்கின்றன. அது நியாயமான ஏற்பாடு. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், குழுவில் பேசிக் கொண்டுவர உங்களால் முடியும்.

கடிதம் எச்சரிக்கையாக வேலை செய்கிறதே என்பீர்கள். சிலருக்குச் செய்கிறது. லிண்டோ, சாண்டர்ஸ், ஓரியோபோலஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், கனடாவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் ப்ரொபேஷன் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே இருந்தவர்களையும் ஒப்பிட்டு 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ப்ரொபேஷனுக்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் மதிப்பெண் உயர்ந்தது உண்மைதான். ஆனால் சிலர் திரும்பி வரவே இல்லை, குறிப்பாக ஆண் மாணவர்கள். யாரும் அவர்களை நீக்கவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அவர்களாகவே போய்விட்டார்கள்.

அப்புறம் பணம். ஜி.பி.ஏ.வைப் பார்ப்பது உங்கள் குழு, நிதியுதவியைப் பார்ப்பது வேறு அலுவலகம். பட்டப்படிப்பின் காலத்தில் 150 சதவீதத்துக்குள் முடிக்கும் வேகத்தில் மாணவர் போக வேண்டும் என்பது நிதியுதவிக்கு அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் விதி. அதனால்தான் எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதமாவது தேறியிருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. ஐந்து பாடத்தில் இரண்டு போனால் 60 சதவீதம்தான். பாதியில் கைவிட்ட பாடமும் எடுத்த கணக்கில் சேரும். ஆகவே உங்களிடம் மேல்முறையீட்டில் ஜெயித்த மாணவர், அந்த இன்னொரு அலுவலகத்தில் தோற்று, பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையும் கடனும் இல்லாமல் வெளியே போகலாம். எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவருக்கு நீக்கம் என்றால் நாட்டிலிருப்பதே கேள்வி. முழுநேரப் படிப்பின் அளவுக்குக் கீழே பாரத்தைக் குறைக்கலாம் என்றால், அதற்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். படிப்பில் சிரமம் என்ற காரணத்தைக் காட்டி இளநிலை, முதுநிலை என்று ஒவ்வொரு பட்டநிலைக்கும் ஒருமுறைதான் அதைக் கேட்கவும் முடியும். இதையெல்லாம் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால், எத்தனை பேர் தப்பிப்பார்கள்!

பெற்றோருக்கும் தெரியாது. கல்லூரியில் சேர்ந்ததும் மதிப்பெண் விவரங்களின் உரிமை 1974-ஆம் வருடச் சட்டப்படி மாணவருக்குப் போய்விடுகிறது. நம் வீடுகளில் பிள்ளை சொல்லவும் மாட்டான். "படிப்பு எப்படிப் போகுது?" "நல்லா போகுது." அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் சொன்னேன். அப்பா இறந்து ஆறாவது வாரம் இறுதித் தேர்வுகள். மேல்முறையீட்டுக் கடிதத்தில் அதை எழுதவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் துக்கத்தைக் காட்டிச் சலுகை கேட்பது போலிருந்தது. "இனிமேல் கடினமாக உழைப்பேன்" என்று நாலு பத்தி எழுதினேன். நிராகரித்தார்கள். உறவினரின் மரணம் நிதியுதவி மேல்முறையீட்டுக்கு உரிய காரணம் என்று மத்திய அரசு விதியிலேயே எழுதியிருக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

யாரையுமே நீக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தேறவே வழியில்லாமல் கடன்மேல் கடன் வாங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் கொடுமைதான். என் வகுப்புக்கு அப்படி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர்கூட நேரில் பேசாமல் எந்த மாணவரும் நீக்கப்படக் கூடாது. செய்ய முடியாத காரியமும் அல்ல இது. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012-லிருந்து 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளைத் தினமும் கண்காணித்து, மாணவர் தடுமாறும்போதே ஆலோசகர் கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்திருக்கிறது. சிறு கட்டணப் பாக்கிக்காக யாரும் படிப்பை விடாமலிருக்க அதற்கு முன்பே உதவித்தொகையும் கொடுக்கத் தொடங்கியது. அந்த அளவுக்கு வசதி இல்லாத கல்லூரியிலும் போன் இருக்கிறது.

இந்த டிசம்பரில் பட்டியல் உங்கள் கைக்கு வரும். கடிதம் போவதற்கு முன்னால், பெயர்களைக் குழுவுக்குள் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். நிதியுதவி அலுவலகத்திலிருந்து ஒருவரையும் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஜி.பி.ஏ.வைப் பற்றி எடுத்ததும் கேட்க வேண்டாம். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு குழு ஒருமுறை நீக்கிய மாணவன்