முதலில் இனிஷியலைச் சரிபார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மெஸ் சாப்பாட்டைப் பற்றி போனில் பேசிக்கொள்ளலாம். இது உதவித்தொகை விஷயம், போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். பக்கத்தில் பாஸ்புக், ஆதார், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் மூன்றையும் வைத்துக்கொண்டு படி.

மூன்றிலும் உன் பெயரைப் பார். பட்டியலில் ‘கவிதா எம்’, ஆதாரில் ‘கவிதா முருகேசன்’, பாஸ்புக்கில் ‘எம் கவிதா’. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். இனிஷியல் வைக்கும் நம் ஊர்ப் பழக்கம் வடக்கே எழுதிய மென்பொருளுக்குப் புரிவதில்லை. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரிய அலைச்சல். அதனால் அதிலுள்ளபடி ஆதாரை மாற்று. ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி, எழுத்துக் கூட்டிப் பார்த்துக் கொடு. பிறகு வங்கியில் மாற்று. தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஓடிஆர் என்ற 14 இலக்கப் பதிவு எண்ணை ஆதாரை வைத்துத்தான் தருகிறார்கள். படிப்பு முடியும்வரை அதே எண்தான், ஆகவே இந்தத் திருத்தங்கள் முடிந்த பிறகே பதிவு செய்.

அடுத்தது வங்கிக் கணக்கு. ‘ஆதார் இணைத்தாச்சு’ என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்பிவிடாதே. கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்கு ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ ஆதார் எண்ணைக் கணக்கோடு பிணைக்கும் சீடிங் வேறு. சீடிங் ஒரு நேரத்தில் ஒரு கணக்கில்தான் இருக்கும், கடைசியாகச் செய்த வங்கிக்கே பணம் போகும். கல்லூரி வளாகக் கிளையில் ஏடிஎம் கார்டுக்காகப் புதுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் சீடிங் கட்டத்தை டிக் அடித்தால் போதும், நம் ஊர்க் கணக்கு விலகிவிடும். மைஆதார் தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பார்த்தால் வங்கியின் பெயரும் ‘ஆக்டிவ்’ என்பதும் தெரியும். ஜன்தன் வகைச் சிறு கணக்காக இருந்தால் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது, இருப்பும் 50,000-ஐத் தாண்டக் கூடாது. முழு கேஒய்சி கொடுத்து அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக்கிவிடு.

எதற்கு விண்ணப்பிப்பது? பொறியியல் படிக்கும் பெண்களுக்குத் தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ தரும் பிரகதி உதவித்தொகை, ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், முதலாண்டிலேயே போட வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கான மத்திய அரசுத் தொகை முதல் மூன்று ஆண்டுக்கு 12,000தான், வருமான வரம்பும் 4.5 லட்சம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, பிரகதியையே எடு. வேறு ஏதாவது உதவித்தொகை வாங்குகிறாயா என்ற கேள்விக்கு உண்மையை எழுது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து வரும். மாவட்டமும் கல்லூரிக் குறியீட்டு எண்ணும் பார்க்காமல் தொட்டால் விண்ணப்பம் வேறு ஏதோ கல்லூரியின் லாகினில் போய் உட்கார்ந்துகொள்ளும். சமர்ப்பித்ததும் வேலை முடிந்துவிடாது. கல்லூரி சரிபார்க்கத் தனிக் கடைசித் தேதி உண்டு. பிரின்ட்அவுட், அங்கே படிக்கிறாய் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்று, கட்டண ரசீது, வருமானச் சான்று நான்கையும் ஸ்காலர்ஷிப் பிரிவில் கொடுத்துவிட்டு வாராவாரம் ஸ்டேட்டஸ் பார். ‘டிஃபெக்ட்’ என்று திரும்பி வந்திருந்தால் அது நிராகரிப்பு இல்லை, திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் தேதி தாண்டினால் அந்த வருடம் போச்சு. ஓடிபி வரும் சிம்மை மாற்றாதே, ரீசார்ஜ் செய்யாமல் விடாதே. அடுத்த ஆண்டு ‘ரினியூவல்’தான், புதிதாக விண்ணப்பிக்கக் கூடாது.

வருமானச் சான்றை இ-சேவையில் நான் போட்டுவிடுகிறேன். உதவித்தொகைக்கும் வங்கிக் கடனுக்கும் அதே சான்றுதான். இங்கே குறைத்தும் அங்கே கூட்டியும் காட்டுவது நமக்கு வேண்டாம்.

கடனுக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு தாள் வேண்டும். நான்கு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டண விவரக் கடிதம். டியூஷன் மட்டும் போட்டுத் தருவார்கள். விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப் வரை எழுதி வாங்கு. கடன் அனுமதியான பிறகு தொகையைக் கூட்டக் கேட்டால் முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும். 4 லட்சம் வரை நம் பங்கு போட வேண்டாம், அதற்கு மேல் போனால் 5 சதவீதம். படிக்கும் காலத்திலும் தனிவட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 10 சதவீதம் என்றால் 4 லட்சத்துக்கு வருடம் 40,000. அதை நாங்கள் மாதாமாதம் கட்டிவிடுகிறோம், அசலோடு ஏற விடமாட்டோம்.

இன்று இரவே சீடிங் பார்த்து, அந்தத் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மா ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள், பார்சல் வந்ததா?

அன்புடன்,
அப்பா