பெரிய வால்வு இப்போதைக்கு வேண்டாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே என் முழங்கால் வலி மட்டும் வஞ்சனையில்லாமல் வளர்கிறது. பட்டறையில் இப்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வேலை.

உன் பழைய பைக்கில் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள இன்டேக் வால்வை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை விடும் மூடியை, எடுத்துவிட்டு 39 போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. நானும் அதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன்தான். பெரிய வால்வு போட்டு, வால்வுக்குக் காற்று வரும் வழியான போர்ட்டைக் குடைந்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் வேறு. மேல் வேகத்தில் கொஞ்சம் சீறியது, கீழே இழுவை சுத்தமாகப் போய்விட்டது. சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், வால்வு இறங்கும்போது அதன் ஓரம் சிலிண்டர் சுவரை உரசாத குறையாக நிற்கிறது. அந்தப் பக்கம் காற்று நுழைய இடமே இல்லை. போர்ட் அகலமானதில் காற்றின் வேகமும் செத்துப்போயிருந்தது.

உன் 36 மில்லிமீட்டர் வால்வையே எடுத்துக்கொள். அது திறக்கும்போது காற்று வருவது வால்வைச் சுற்றியுள்ள வளைய இடைவெளி வழியாகத்தானே? சுற்றளவை லிஃப்ட்டால், அதாவது வால்வு திறந்து இறங்கும் தூரத்தால், பெருக்கினால் அந்த இடைவெளியின் பரப்பு. லிஃப்ட் 9 மில்லிமீட்டர், அதாவது விட்டத்தில் கால் பங்கு வந்ததும், அது வால்வு வட்டத்தின் முழுப் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்குக் கீழே இருக்கும்வரை காற்றை நெரிப்பது அந்த இடைவெளிதான். அதுவும், முழு லிஃப்ட்டை வால்வு ஒரு முறைதான் தொடும். 2, 3 மில்லிமீட்டரை ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு முறை கடக்கும். 6000 ஆர்.பி.எம்-மில் ஒரு வால்வு நொடிக்கு 50 தடவை இந்த ஆட்டம் ஆடுகிறது.

அதனால்தான் வால்வு மூடும்போது பொருந்தி உட்காரும் சீட் பக்கத்து நாலைந்து மில்லிமீட்டரில் என் உயிரே இருக்கிறது என்று சொல்வேன். காற்றுக்குச் சட்டென்று திரும்பத் தெரியாது. கூர்மையான முனை வந்தால் சுவரை விட்டு விலகிச் சுழலும். சீட்டை 45 டிகிரி வெட்டி, போர்ட் பக்கம் 60, எரிபொருள் எரியும் சேம்பர் பக்கம் 30 என்று படிப்படியாகத் திருப்பிவிட்டால் அது ஒட்டிக்கொண்டே வரும். வால்வின் முதுகில், அதாவது போர்ட்டைப் பார்க்கும் பக்கத்தில், சீட் முகத்தை ஒட்டி 30 டிகிரியில் மெல்லிசாக ஒரு வெட்டு போடு. காசு பார்த்தால் ஒன்றுமில்லாத வேலை, குறைந்த லிஃப்ட்டில் பலன் தெரியும். என் வண்டிக்குப் பழைய அளவு வால்வையே திரும்பப் போட்டு இதைச் செய்தபோதுதான் போன இழுவை திரும்பி வந்தது.

முதுகின் வளைவு கேட்டாய். துலிப் பூ மாதிரி கழுத்து பருத்து இறங்கும் வால்வு, மேலிருந்து நேராக இறங்கும் போர்ட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தும். போர்ட் படுத்துக்கிடந்து கடைசியில் திரும்புகிறது என்றால் ஆணித்தலை மாதிரி தட்டையான முதுகுதான் தோது. பருத்த கழுத்து அந்தத் திருப்பத்திலேயே வழியை அடைக்கும். உன்னுடையது இரண்டாவது ரகம். பருத்த வால்வுக்கு எடையும் கூடுதல், ஸ்பிரிங் பாவம்.

எக்ஸாஸ்ட் வால்வைச் சின்னதாகவே விடு. உள்ளே இழுப்பதற்கு வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான் துணை; வெளியே போகும் புகையோ தன் அழுத்தத்திலேயே பீறிட்டு ஓடும். ஆனால் அதன் சீட்டை மட்டும் ஒடுக்கிவிடாதே. வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. ஒரு தடவை காற்றுக்கு வழி விடுகிறேன் என்று அதைக் கோடு மாதிரி ஆக்கிவிட்டு, ஓரம் கருகி ஒரு துண்டே பெயர்ந்த வால்வைக் கையில் எடுத்தேன். விமானப் பைத்தியமான உனக்கு ஒன்று: 1927-இல் விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டியபோது அவருடைய ரைட் வேர்ல்விண்ட் இன்ஜினில் இருந்தவை, உள்ளே குடைந்து சோடியம் அடைத்த எக்ஸாஸ்ட் வால்வுகள். இன்ஜின் பொறியாளர் சாம் ஹெரானின் யோசனை. சூட்டில் சோடியம் உருகி, உள்ளே குலுங்கிக் குலுங்கித் தலையின் சூட்டை வால்வின் தண்டான ஸ்டெம்முக்குக் கடத்தும்.

இன்னும் காற்று வேண்டுமென்றால் வால்வின் எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டும். ஒரே 40 மில்லிமீட்டர் வால்வின் சுற்றளவு ஏறத்தாழ 126. இரண்டு 30 மில்லிமீட்டர் வால்வுகளுக்கு 188. பிரெஞ்சு கார் கம்பெனி பெஜோ 1912-லேயே பந்தயக் காருக்கு சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்துவிட்டது. உன் ஹெட்டில் அது நடக்காது, விடு.

வால்வுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வேலை செய். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஹெட்டைச் சிலிண்டர் மேல் உட்காரவைத்து, இன்டேக் வால்வை 9 மில்லிமீட்டர் இறக்கு. கீழேயிருந்து டார்ச் அடித்து, வால்வு ஓரத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு சந்து இருக்கிறது என்று அளந்து எழுது. அதைப் பார்த்துவிட்டு 37 தாங்குமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்