கல்லே இல்லாத ஊரில் நம்ம ஊர்க் கல்

பல்லாவரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் போனில், "இங்கே ஒரு குன்றுகூட இல்லைம்மா, எங்கே பார்த்தாலும் மண்ணும் தண்ணியும்தான்" என்றாய். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நீ இருக்கும் கொல்கத்தாவில் நம்ம ஊர்க் கல் ஒன்று இருக்கிறது.

டல்ஹவுசி பக்கம் செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கும்பினிக்காரரின் சமாதி. அதன் மேல் பலகைபோல் ஒரு கரிய கல். வண்டல் பூமியில் அப்படி ஒரு கல்லுக்கு எங்கே போவது? 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பாறைதான் என்று கண்டார். சமாதிக்காரர் பெயரையே கல்லுக்கும் வைத்தார்: சார்னோக்கைட். நமக்கு அது வெறும் கருங்கல். உன் பாட்டி வாங்கிய அம்மியும் அதுதான்.

சுமார் 250 கோடி வருஷத்துக் கல், கண்ணு. இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரிச் சூட்டில் வெந்தது. பாறைக்குழம்பு ஆறி இறுகியது என்றே ஹாலண்ட் நினைத்தார். பின்னால் வந்தவர்கள் கர்நாடகத்துக் கப்பல்துர்கா குவாரியில் வேறொன்றைப் பார்த்தார்கள். நைஸ் (gneiss) என்ற வெளிறிய வரிப்பாறைக்குள் திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட். கரியமில வாயு ஊடுருவி, தாதுக்களுக்குள் பிணைந்திருந்த தண்ணீரை விரட்டிய இடமெல்லாம் கல் கருத்திருந்தது. உருகி ஓடவில்லை, இடம் பெயரவில்லை, இருந்த இடத்திலேயே வேறு கல்லாகிவிட்டது. குழம்பிலிருந்து பிறந்த சார்னோக்கைட்டும் உண்டு. ஆனால் இத்தனை வருஷம் பாடம் நடத்தியும், இந்தத் திட்டுகளைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மேலே மூடியிருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகுதான் அது நம் கண்ணுக்கு மலையானது. வெளியே வந்த கல்லையும் மழையும் வெயிலும் சும்மா விடுவதில்லை. உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும், மற்றது களிமண்ணாகும். நம் பக்கத்துச் செம்புறாங்கல்லும் பாறை இப்படி மக்கி வந்ததுதான். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் இங்கே அந்தச் செஞ்சரளையில்தான் ஆதிமனிதனின் கற்கருவியை எடுத்தார். அந்தக் கருவி குவார்ட்சைட் என்ற கல், ஒரு காலத்தில் வெறும் மணல். மணற்கல்லாக இறுகி, மறுபடி சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டிப்பட்டது. உடைத்தால் மணல்மணியைச் சுற்றிப் போகாமல் ஊடே பிளக்கும், அதனால்தான் விளிம்பு கூர்மை.

உன் காலடி மண்ணையும் மட்டமாக எண்ணாதே. இமயமலையைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் கரைத்துக் கொண்டுவந்து கொட்டியது அது. கீழே கிலோமீட்டர் கணக்கில் படிந்து, பாரம் ஏற ஏற, அடியில் மணல் மணற்கல்லாகவும் களி களிப்பாறையாகவும் இறுகியிருக்கிறது. இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது.

லீவு நாளில் காலையிலேயே அந்தச் சர்ச்சுக்குப் போ, வெயில் ஏறினால் உனக்குத் தலைவலி வரும். நல்ல வெளிச்சத்தில் கிட்டே போய்ப் பார், கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற தாது லேசாக நீலம் காட்டும். போட்டோ எடுத்து அனுப்பு. நான் அம்மியைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

உன் அம்மா