பொருள்: 1,499 ரூபாய் இன்ஜின் வாஷ், நின்றுபோன வண்டி, வராத பதில்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 11.10.2025
இடம்: துடியலூர், கோவை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போனில் ஏழு முறை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் "வண்டி நம்பர் சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்து, "48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க" என்று முடிந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் செப்டம்பர் 29 அன்று "தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். மட்டும் தவறாமல் வந்தது. யாருடைய திருப்தி என்று கேட்கத்தான் எட்டாவது தடவையாக, இந்த முறை எழுத்தில் வருகிறேன். எழுத்தில் இருந்தால் நாளைக்கு "ரெக்கார்டுல இல்லையே சார்" என்று சொல்ல முடியாது.

என் வண்டி 2010-இல் வாங்கிய டீசல் கார். 1248 சி.சி. இன்ஜின். ஒரு காலத்தில் மூன்று நான்கு கம்பெனி வண்டிகளில் இதே இன்ஜின் ஓடியதால் இதை "தேசிய இன்ஜின்" என்றே சொல்வார்கள். அதன் அடியும் முடியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரும் நவம்பரோடு 15 ஆண்டு முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். பானெட்டைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து பணியாரக் கல்லின் அடிப்பக்கம் போல இருந்தது. எங்கள் தெரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "டேப்பட் கவர் பேக்கிங்கா, டர்போ ஹோஸா, இன்ஜெக்டர் அடியிலிருந்து வருதான்னு இந்த அழுக்குல ஒண்ணும் தெரியாதுங்க. முதல்ல கழுவுங்க, அப்புறம் ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க, எங்க புதுசா ஈரம் தெரியுதோ அங்கதான் லீக்" என்றார். நியாயமான பேச்சு.

அவரே டீசலை ஊற்றி பிரஷ் போட்டுத் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் ரப்பர் ஹோஸை ஊற வைத்துக் கெடுக்கும், அந்த ஈரத்தில் மறுபடியும் புழுதி ஒட்டும், சூடான இடத்தில் பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இதெல்லாம் தெரிந்த பெரிய புத்திசாலி மாதிரி, உங்கள் விளம்பரத்தை நம்பி, உங்கள் பீளமேடு கிளையில் செப்டம்பர் 6, சனிக்கிழமை காலை 9 மணிக்கு முன்பதிவு செய்தேன். "பாதுகாப்பான டிகிரீசர், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்" என்று நீங்கள் போட்டிருந்ததை வீட்டில் வாசித்தும் காட்டினேன். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

துடியலூரிலிருந்து பீளமேடு கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓடி வந்த இன்ஜின் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாவியை வாங்கிய பையன் பானெட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடம் டிகிரீசர் மருந்தை அடிக்க ஆரம்பித்துவிட்டான். "தம்பி, கொஞ்சம் ஆறட்டுமே" என்றேன். "சூட்டுலதான் சார் பிசுக்கு நல்லா விடும்" என்றான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மேல் ஒரு பாலிதீன் கவர்கூட இல்லை. ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. எதையும் மூடவில்லை. மருந்து அடித்துவிட்டுப் பக்கத்து வண்டிக்கு நுரை போடப் போய்விட்டான். இருபது நிமிடம் கழித்து வந்து, பிரஷர் வாஷர் குழாயை ஒரு சாண் தூரத்தில் பிடித்து உள்ளே அடித்தான். ஒரே ஆவி. இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தொன்பது வயதுகூட இருக்காது. போட்டிருந்த கம்பூட்ஸில் ஓட்டை. அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் உங்களுக்குத் தெரியும். உங்கள் மருந்து கேனிலேயே, ஆறிய இன்ஜினில் மட்டும் பயன்படுத்தவும், காய விடாமல் அலசவும் என்று அச்சடித்திருக்கிறீர்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கேனை உங்கள் ஆட்களே படிப்பதில்லை என்றால் அதை யாருக்காக அச்சடிக்கிறீர்கள்? காரம் கலந்த மருந்து சூடான அலுமினியத்தில் காய்ந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் இருப்பவரைக் கேட்டால்கூடச் சொல்வார்கள். சோடா காரம் போட்டுத் தேய்த்த அலுமினியப் பாத்திரத்தைப் பார்த்தவர்கள்தானே! ஆல்டர்னேட்டர் உறை, பிராக்கெட் எல்லாம் இப்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன.

நான் ஒரு பம்ப் செட் கம்பெனியில் 22 வருஷம் மெயின்டெனன்ஸ் பார்த்தவன். மோட்டார் இருக்கும் இடத்தைக் கழுவுவதற்கு முன்னால் கரண்டை நிறுத்து, மோட்டாரை மூடு என்பது எங்களிடம் முதல் நாள் சேரும் பையனுக்குச் சொல்லும் பாடம். அங்கேயே தடுத்திருக்க வேண்டியவன் நான். "கம்பெனிக்காரன், தெரிந்துதான் செய்வான்" என்று சும்மா நின்றேன். அந்தக் கோபமும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, மறைக்கவில்லை.

லட்சுமி மில்ஸ் சிக்னல் தாண்டவில்லை. முதலில் பேட்டரி லைட் எரிந்தது. அப்புறம் செக் இன்ஜின் லைட். அப்புறம் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. மேம்பாலத் தூண்களுக்கு நடுவே, பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடிக்க, ஓரம் கட்டக்கூட இடமில்லாமல் நானும் என் மனைவியும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குக் கட்டி இழுத்து வர 1,700 ரூபாய்.

இங்கேதான் உங்கள் சேவை மையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது அழைப்பு, செப்டம்பர் 12, மதியம் 12 மணி வாக்கில். பேசியவர் பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நான் நடந்ததைப் பாதி சொல்வதற்குள் குறுக்கே புகுந்து, "சார், பதினஞ்சு வருஷ வண்டி. இதைப் போய் எதுக்கு சார் கழுவுறீங்க, பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார். பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது.

எடைக்குப் போட வேண்டுமாம்.

ஐயா, இந்த வண்டியில்தான் என் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனேன். 1,68,000 கிலோமீட்டர் ஓடியும் ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. உங்கள் கைக்கு வந்த அன்றுதான் நின்றது. எடைக்குப் போட வேண்டிய வண்டி என்றால் 1,499 ரூபாயை வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே? அப்போது "எந்த வயது வண்டியானாலும் புதுசு போல" என்றுதானே விளம்பரம்? உங்கள் அழைப்புகள் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்கிறது. தயவுசெய்து அந்த ஒரு பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

இன்னொரு கொடுமை. வண்டி நின்ற அன்றே மெக்கானிக் வந்தார். "ஒயர் இணைக்கிற கப்ளரையெல்லாம் கழற்றி காற்றடித்துக் காய வைத்தால் பாதி சரியாகிவிடும்" என்றார். உங்கள் ஆட்கள்தான் "வெளியாள் கை வைத்தால் கிளெய்ம் கிடையாது, எங்க இன்ஸ்பெக்டர் பார்க்கணும்" என்றார்கள். நானும் நம்பித் தொடாமல் வைத்தேன். மூன்று வாரத்துக்கும் மேல்! சோப்புத் தண்ணீர் உள்ளேயே நின்றது. கடைசியில் திறந்தபோது டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார் கப்ளரின் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஸ்கேனரில் பி 0193 என்ற கோளாறு எண் காட்டியது இதைத்தான். முதல் நாளே காற்றடித்திருந்தால் செலவு ஒரு டீ காசு. காத்திருக்கச் சொன்னது நீங்கள்.

அந்த இன்ஸ்பெக்டர் கதையையும் கேளுங்கள். செப்டம்பர் 25, வியாழக்கிழமை, காலை 11 மணிக்கு வண்டியோடு பீளமேடு வரச் சொன்னார்கள். அரை நாள் லீவு போட்டேன். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாததால் முந்தின இரவே பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட்டு, காலையில் ஏ.சி., ஸ்டீரியோ எதுவும் போடாமல், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத வண்டியை மேட்டுப்பாளையம் சாலையில் ஊர்ந்துகொண்டு வந்தேன். சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பிள்ளை என்னைத் தாண்டிப் போனது. கிளைக்கு வந்தால், இன்ஸ்பெக்டர் அன்றைக்குத் திருப்பூரில் இருக்கிறாராம். "வந்துட்டே இருக்காரு" என்று இரண்டரை மணி வரை உட்கார வைத்தார்கள். பேப்பர் கப்பில் ஒரு டீ. போகும்போது மேலாளர் மிகுந்த மரியாதையோடு ஒரு கூப்பன் கொடுத்தார். அடுத்த இன்ஜின் வாஷுக்கு 200 ரூபாய் தள்ளுபடி!

ஆயுத பூஜைக்குத் தெருவில் இருக்கிற வண்டிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். என் வண்டி நகர முடியாமல் நின்ற இடத்திலேயே பொட்டு வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகும் உங்களுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். ஆல்டர்னேட்டர் பிரஷ், பேரிங் மாற்றி 3,800 ரூபாய். கப்ளர், ஒயரிங் 2,200 ரூபாய். கட்டி இழுத்த 1,700, உங்களுக்குக் கொடுத்த 1,499. மொத்தம் 9,199 ரூபாய். பில் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

இவ்வளவு பட்டும் நான் வந்த காரியம் நடந்ததா என்றால் இல்லை. மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குப் பாலிஷ் அடித்துக் கண்ணாடி போல ஆக்கியிருந்தீர்கள். மெக்கானிக் அந்த மூடியைத் தூக்கினார். இரண்டாவது இன்ஜெக்டரைச் சுற்றித் தார் உருண்டை போலக் கறுப்பாக அப்படியே இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் கீறியபோது துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. இன்ஜெக்டர் அடி வாஷர் போய் அங்கே கரி கக்கியிருக்கிறது. அதுதான் நான் தேடிக்கொண்டிருந்த லீக்கில் ஒன்று. உங்கள் ஆட்கள் அந்த மூடியைக் கழற்றவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் பளபளப்பாக்குவதற்குப் பெயர் சுத்தம் என்றால், நான் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் தடவியிருப்பேன்.

என் கோரிக்கை அதிகமில்லை. 9,199 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு மாதம் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அலைந்தது, இரண்டு நாள் லீவு, திண்டுக்கல்லில் நடந்த மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியாமல் இன்றுவரை கேட்கும் பேச்சு, இறங்காத சாப்பாடு, வராத தூக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 75,000 ரூபாய். இது குறைத்துச் சொன்ன கணக்கு. அந்த "எடைக்குப் போடுங்க" மனிதர் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால், இந்த 75,000-ஐப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிது.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. போன வருஷம் என் தம்பி வண்டிக்கு நீங்கள் செய்த உள்சுத்தம் நன்றாகவே இருந்தது. அதனால் 15 நாள் அவகாசம் தருகிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சத்துக்குள் இருக்கும் வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. நேரம் எனக்கு நிறைய இருக்கிறது. ஆர்.சி. புதுப்பிப்பு தாமதமாகி அபராதம் வந்தால் அதுவும் உங்கள் கணக்கில் சேரும்.

அதுவரை அந்தப் பீளமேட்டுப் பையனுக்கு ஒரு நல்ல பூட்ஸும், இன்ஜின் ஆறும் வரை காத்திருக்க அனுமதியும், நாலு பாலிதீன் கவரும் வாங்கிக் கொடுங்கள். அவனை வேலையை விட்டு நிறுத்தினீர்கள் என்று கேள்விப்பட்டால் அதற்கும் தனியாக ஒரு கடிதம் வரும்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்
(பெயரும், வண்டி நம்பரும், போன் நம்பரும் ஏழு முறை சொல்லியிருக்கிறேன். உங்கள் பதிவில் பாருங்கள்.)

இணைப்பு: பில் நகல்கள் 4, போட்டோ 11.

பி.கு.: 200 ரூபாய் கூப்பனையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் பாருங்கள், அது ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது.