கூரைய பிளாஸ்ட் பண்ணக்கூடாதுன்னு எழுதிக் கையெழுத்து போட்டும் பண்ணிருக்கீங்க: 1966 மஸ்டாங் பாடி வேலை பத்தின புகார்

பெறுநர்: உரிமையாளர், கார் ரெஸ்டோரேஷன் ஒர்க்‌ஷாப், ஸ்கார்பரோ, ஒன்டாரியோ

வணக்கம் அண்ணா,

போன்ல எத்தனையோ தடவ பேசியாச்சு, ஒவ்வொரு தடவையும் "வந்து பாக்கிறம், யோசிக்காதீங்கோ"ன்னு சொல்றீங்க, யாரும் வரல, அதனாலதான் இப்ப எழுத்துல அனுப்புறேன். இந்த வேலைய நாம பேசி முடிச்சது முழுக்க தமிழ்லதான், அதான் புகாரும் தமிழ்லயே இருக்கு. இங்கிலீஷ்ல இருக்கற எஸ்டிமேட் காப்பி, பில், ஃபோட்டோ எல்லாம் கூட வெச்சிருக்கேன்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். எஸ்டிமேட்ல என்ன எழுதினோம்? கூரை, பானட், டிக்கி மூடி, ரெண்டு டோர், குவார்ட்டர் பேனல் (பின் சக்கரத்துக்கு மேல வர்ற பக்கத் தகடு), இந்த வெளித்தகடு எதுலயும் பிளாஸ்டிங் (காத்தழுத்தத்துல தூள அடிச்சு பெயிண்ட எடுக்கறது) கிடையாது, கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் தடவி சுரண்டிட்டு மிச்சத்த டிஏ சாண்டர்ல (சுத்தி சுத்தி தேய்க்கற மெஷின்ல) எடுக்கணும். ஃப்ளோர், என்ஜின் பே, வீல் ஆர்ச் உள்பக்கம், இங்க மட்டும் பிளாஸ்ட் பண்ணலாம். அந்த வரிக்குப் பக்கத்துலயே உங்க கையெழுத்து இருக்கு. நீங்க என்ன பண்ணிருக்கீங்கன்னா, மொத்த ஷெல்லையும் (எல்லாம் கழட்டின வெறும் பாடிய) வெளிய ஒரு பிளாஸ்டிங் ஆள்கிட்ட அனுப்பி அடிச்சிருக்கீங்க, கூரையும் பானட்டும் நெளிஞ்சிருக்கு, அந்த நெளிவு மேல ஃபில்லர் (பள்ளத்த நிரப்பற பேஸ்ட்) இழுத்து பெயிண்ட் அடிச்சு "சரி, கார எடுத்துட்டுப் போங்கோ"ன்னு சாவிய குடுத்துட்டீங்க. நெளிஞ்சது ஒரு தப்புனா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மூடுனது அதவிட பெரிய தப்பு.

இந்த கார் அபூர்வமான மாடல் இல்லன்னு எனக்கும் தெரியும். 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் மட்டும் 6 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, டியர்பார்ன், மெட்டுச்சன், சான் ஹோசேன்னு மூணு ஃபேக்டரியில. என்னோடது சான் ஹோசே வண்டி, வின் நம்பர்ல (காரோட அடையாள நம்பர்) ரெண்டாவது எழுத்து ஆர். கலிஃபோர்னியால ஃப்ரெஸ்னோ பக்கம் காஞ்ச வெயில்லயே காலம் பூரா ஓடின வண்டி, அதனாலதான் அத்தன தூரத்துலேர்ந்து டிரக்ல ஏத்திட்டு வந்தேன். நம்ம ஒன்டாரியோல ரோட்டுக்கு கொட்டுற உப்புல இந்த வயசு மஸ்டாங் என்ன ஆகும்னு என்னவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும், ஃப்ளோர் போயிருக்கும், டார்க் பாக்ஸ் (ஃப்ளோருக்கு கீழ பலம் குடுக்கற பெட்டித் தகடு) போயிருக்கும், விண்ட்ஷீல்டுக்கு கீழ இருக்கற கவுல் அரிச்சுப் போயிருக்கும். இதுல அது எதுவுமே இல்ல. மொத நாள் லிஃப்ட்ல தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு நீங்களே சொன்னீங்க, "இப்பிடி ஒரு தகடு இஞ்ச கிடைக்காது, வடிவா செய்து தருவம்"னு. தகடு நல்லா இருக்குங்கறதுதான் இந்த காரோட மதிப்பே. அந்த தகட்டத்தான் கெடுத்திருக்கீங்க.

எப்படி தெரிஞ்சதுன்னு கேட்டீங்கல்ல? ஹீட்டர் ஃபேன போட்டேன், புது கார்பெட் மேல பொடிப்பொடியா வந்து விழுந்துச்சு. தூசின்னு நெனச்சு விரல்ல எடுத்தா குத்துது, கண்ணாடித் தூள். ஹீட்டருக்கு காத்து வர்றது விண்ட்ஷீல்டுக்கு கீழ இருக்கற கவுல் பெட்டி வழியா. அது ரெண்டு தகட்ட ஸ்பாட் வெல்டு பண்ணி மூடின பெட்டி, இவ்ளோ தூள் உள்ள போகணும்னா மேல அந்த வரிவரியா இருக்கற ஓட்டை வழியாத்தான் போகணும். ஃப்ளோரும் என்ஜின் பேயும் மட்டும் அடிச்சிருந்தா இவ்ளோ தூள் அதுக்குள்ள எப்படி போகும்? மேலேர்ந்து அடிச்சாத்தான் போகும், அதுவும் ஓட்டைய டேப் போட்டு அடைக்காம அடிச்சாத்தான். இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, மழத்தண்ணி வடியற வழியும் அதே கவுல்தான், தூள் போயி அந்த வழிய அடைச்சா தண்ணி உள்ளயே தேங்கி, அந்த காலத்து மஸ்டாங் எல்லாத்தயும் கொன்ன துரு இதயும் கொல்லும். இத்தன வருஷம் கலிஃபோர்னியால துரு புடிக்காம இருந்த கவுல் இது.

அப்புறம் நீங்க பில்லோட குடுத்த பென் டிரைவ்ல இருக்கற ஃபோட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். சாண்டர் போட்ட தகடுனா பளபளன்னு இருக்கும், வட்டவட்டமா கீறல் தெரியும். ஃபோட்டோல கூரை ஒரே சீரா மங்கின சாம்பல் கலர்ல சொரசொரன்னு இருக்கு. இது பிளாஸ்ட் பண்ணின தகடு, இந்த வேலை தெரிஞ்ச யார்கிட்ட காட்டினாலும் இதத்தான் சொல்வாங்க.

உங்க ஃபோர்மேன் சொன்ன பதில் எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, "சூடு ஏறினாத்தான் நெளியும், நாங்க மெதுவாத்தான் அடிச்சோம்"னாரு. முக்கியமான காரணம் சூடு இல்ல அண்ணா. ஒவ்வொரு துகளும் வேகமா வந்து மோதறப்ப தகட்டோட மேல்பரப்புல ஒரு சின்ன குழி விழுது, லட்சக்கணக்கா குழி விழறப்ப மேல்பரப்பு மட்டும் விரியுது, அடிப்பக்கம் விரியல, அப்ப தகடு வளைஞ்சுதான ஆகணும். ஒரு மில்லிமீட்டர் கூட கனம் இல்லாத தகடு, கூரை மாதிரி பெரிய தட்டையான இடம், நடுவுல தாங்க பெருசா ஒண்ணும் இல்ல. டோர் ஓரம், ஹிஞ்ச் பக்கம் எல்லாம் மடிப்பு இருக்கறதால தாங்கிக்கும், கூரையும் பானட்டும் தாங்காது. இதுக்குத்தான எஸ்டிமேட்ல அந்த ஒரு வரிய நான் அடம்புடிச்சு எழுத வெச்சேன்?

கலரு நைட்மிஸ்ட் ப்ளூ, அடர்த்தியான நீலம், அதுல எதயும் மறைக்க முடியாது. கராஜ்ல ட்யூப்லைட்டுக்கு கீழ நிறுத்தினா அந்த நேர் கோடு கூரை மேல பாம்பா நெளியுது. பானட் நடுவுல உள்ளங்கைய வெச்சு லேசா அமுக்கினா டொப்புனு உள்ள போயிட்டு திரும்ப வருது, வாங்கி வந்தப்ப அப்படி இல்ல. பெயிண்ட் கனம் அளக்கற மீட்டர் வெச்சும் பாத்தாச்சு. டோர்ல 280லேர்ந்து 320 மைக்ரான், ப்ரைமர், பேஸ் கலர், மேல க்ளியர்னு எல்லாம் சேந்து மறுபடி பெயிண்ட் பண்ணின வண்டிக்கு அது சரிதான், நான் ஒண்ணும் சொல்லல. கூரை ஓரத்துல 350. கூரை நடுவுல 1,700. ஒரு இடத்துல இல்ல, நடு முழுக்க. ஃபில்லர் கம்பெனிக்காரங்க இதவிட கனமாவும் போடலாம்னு டப்பாவுலயே எழுதியிருக்காங்கன்னு சொல்வீங்க, அது ஒரு ஒடுக்கு விழுந்த இடத்துக்கு. ஒரு ஒடுக்கும் இல்லாம வந்த கூரைக்கு எதுக்கு இவ்ளோ ஃபில்லர்? கோடையில கை வெக்க முடியாத சூடு, குளிர்காலத்துல மைனஸ் 20, இப்படி விரிஞ்சு சுருங்கற தகடு மேல ஒரு சதுர மீட்டருக்கு ஃபில்லர் எத்தன வருஷம் நிக்கும்?

அதுக்குள்ளயே ஃபில்லர் விட ஆரம்பிச்சாச்சு. கூரையும் குவார்ட்டர் பேனலும் சேர்ற இடத்துல, பின் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும், ஃபோர்டு ஃபேக்டரியில ஈயத்த உருக்கி நிரப்பி வழிச்சிருப்பாங்க. ஈயம் மெத்துனு இருக்கறது, பிளாஸ்டிங்ல மொதல்ல அரிபடறது அதுதான். அரிச்ச ஈயத்து மேலயே ஃபில்லர் வெச்சிருக்கீங்க போல, இப்ப ரெண்டு பக்கமும் மயிரிழ மாதிரி ஒரு கோடு வந்திருக்கு, இடது பக்கம் நகம் மாட்டற அளவுக்கு. டிக்கி மூடி ஓரத்துலயும் பின் வீல் ஆர்ச் மேலயும் கடுகு சைஸ்ல கொப்புளம். அதுல ஒண்ண உடைச்சுப் பாத்தேன், உள்ள செம்மண் கலர்ல துரு. வண்டி மழைல நனைஞ்சதே இல்ல, குளிர் பூரா ஹீட்டர் போட்ட கராஜ்ல கவர் போட்டு நின்னுச்சு, உப்பு ரோட்ட பாக்கவே இல்ல. ஃபோட்டோல இருக்கற தேதிப்படி ஷெல் ஜூலையில ஒரு பூச்சும் இல்லாத வெறும் தகடா நின்னிருக்கு, ப்ரைமர் அடிச்ச ஃபோட்டோ ஆகஸ்ட்ல. டொரோன்டோ ஜூலை புழுக்கத்துல பிளாஸ்ட் பண்ணின தகட்டுல சில மணி நேரத்துலயே துரு பூத்துடும், அதனாலதான் அன்னைக்கே துடைச்சு எபாக்ஸி ப்ரைமர் (ஈரத்த தடுக்கற அடிப் பூச்சு) அடிக்கணும்பாங்க. எஸ்டிமேட்லயும் எபாக்ஸின்னுதான் இருக்கு, பில்லுல மெட்டீரியல் லிஸ்ட்ல எபாக்ஸிய காணவே காணோம், ஹை பில்டு (கனமா நிரப்பற) ப்ரைமர்தான் இருக்கு. அது ஈரத்த உறிஞ்சற ப்ரைமர், துரு புடிச்ச தகட்டு மேல நேரா அடிச்சா கொப்புளம் வராம என்ன வரும்?

இன்னொண்ணு, இத பணத்தால சரி பண்ணவே முடியாது. டிரைவர் டோர்ல இருக்கற அலுமினிய பிளேட், பாடி டைப், கலர், உள் டிரிம், தேதி, கியர்பாக்ஸ் எல்லாத்துக்கும் குறியீடு பதிச்சிருக்கும், அந்த கார் ஃபேக்டரிய விட்டு வெளிய வந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்ற முக்கியமான சாட்சி அது. அத கழட்டவும் இல்ல, டேப் ஒட்டி மறைக்கவும் இல்ல, அது மேலயே அடிச்சிருக்காங்க. தேதிக் குறியீடு பாதி போயிடுச்சு. புதுசா அச்சடிச்சு தர்ற பிளேட் கிடைக்கும்னு உங்க ஃபோர்மேன் சாதாரணமா சொல்றாரு. எனக்கு அது வேணாம், அது இந்த காரோட பிளேட் இல்ல.

90 நாள் வாரண்டி முடிஞ்சுபோச்சுன்னு போன்ல சொன்னீங்க. ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2002ல ரிப்பேர் வேலைக்கு 90 நாள் இல்லனா 5,000 கிலோமீட்டர், எது முந்துதோ அதுன்னு இருக்கறது உண்மைதான், ஒத்துக்கறேன். ஆனா அதே சட்டம்தான் நுகர்வோர் சம்மதிக்காத வேலைக்கு காசு வாங்கக்கூடாதுன்னும் சொல்லுது. நான் சம்மதிச்சது கையால ஸ்ட்ரிப் பண்ண, காசு குடுத்ததும் அதுக்கு, பில்லுல "கைவேலை ஸ்ட்ரிப்பிங்"னு 4,200 டாலர் தனி வரியா இருக்கு. அந்த வேலை நடக்கவே இல்ல. நடக்காத வேலைக்கு வாரண்டி முடிஞ்சுதா இல்லையாங்கற கேள்வியே வராது.

எனக்கு வேண்டியது இதுதான். கூரை, பானட், டிக்கி மூடி, குவார்ட்டர் பேனல் எல்லாத்தயும் கெமிக்கலும் கையும் மட்டும் வெச்சு மறுபடி தகடு வரைக்கும் எடுக்கணும், எடுக்கறப்ப நான் கூட நிப்பேன், ஃபில்லருக்கு கீழ என்ன இருக்குன்னு ரெண்டு பேரும் சேந்து பாப்போம். விரிஞ்ச தகட்ட ஷ்ரிங்கிங் டிஸ்க் வெச்சு சுருக்கத் தெரிஞ்ச மெட்டல் ஆள் வந்து சரி பண்ணணும், பானட் சரியாகலனா காஞ்ச ஊர்லேர்ந்து வந்த ஒரிஜினல் ஃபோர்டு பானட் வாங்கி மாட்டணும், மெலிசான காப்பி பானட் வேணாம். கவுல் ஸ்பாட் வெல்ட துளைச்சு மேல் தகட்ட கழட்டி, தூள எடுத்து, எபாக்ஸி அடிச்சு, சீம் சீலர் (ஜாயிண்ட்ட அடைக்கற பசை) போட்டு மறுபடி வெல்டு பண்ணணும், இதுல சமாதானமே கிடையாது. ஈய ஜாயிண்ட்ட மறுபடி ஈயத்துலயே பண்ணணும். அந்தந்த நாள் ஃபோட்டோ அந்தந்த நாளே எனக்கு வரணும். எல்லாம் உங்க செலவுல.

இது உங்களால முடியாதுன்னா அதயும் நேரா சொல்லிடுங்க, ஸ்ட்ரிப்பிங், பாடி வேலை, பெயிண்ட் மூணுக்கும் வாங்கின 17,500 டாலர திருப்பிக் குடுங்க, நான் வேற இடத்துல பாத்துக்கறேன். இஞ்சின், பிரேக், வயரிங் வேலைல எனக்கு ஒரு குறையும் இல்ல, அந்த காச நான் கேக்கல, அத செஞ்ச தம்பி நல்ல வேலைக்காரர்.

இந்த மாசம் 30ஆம் தேதிக்குள்ள எழுத்துல பதில் வேணும் அண்ணா, போன்ல சொல்றது இனிமே எனக்கு பதில் இல்ல. வரலனா இதே பேப்பர்களோட ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துல புகார் குடுத்துட்டு ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்கும் போவேன். கார் என் கராஜ்லதான் நிக்குது, அந்த ஒரு கொப்புளத்த தவிர வேற எங்கயும் கை வெக்கல. பாக்க வர்றதுனா நீங்களே வாங்க, ஃபோர்மேன மட்டும் அனுப்பாதீங்க, மீட்டர் இருக்கு, உங்க கையாலயே அளந்து பாத்துக்கலாம்.

இப்படிக்கு,
1966 மஸ்டாங் ஹார்ட்டாப் உரிமையாளர்
(பில் நம்பரும் போன் நம்பரும் இணைச்ச எஸ்டிமேட் காப்பியில இருக்கு)